8,230 கிலோமீட்டரைக் கடக்க ஏன் 11 மணி நேரம்?

சென்னையிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் 8,200 கிலோமீட்டர் என்பார்; இன்னொருவர் 8,500 என்பார். இணையத்தில் தேடிப் பார்த்தவர் ஒன்பது மணி நேரம்தான் என்று அடித்துச் சொல்வார். போய் வந்தவர் பதினொன்று ஆனது என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமா ஒருவர், "போகும்போது கூடுதல், வரும்போது குறைவு. பூமி சுற்றுகிறது அல்லவா!" என்று அறிவியலையும் சேர்த்துக் கொடுப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாமாவின் விளக்கத்தைத் தவிர மற்ற எல்லாமே சரி. ஒவ்வொருவரும் வேறு தூரத்தையும் வேறு நேரத்தையும் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 8,230 கிலோமீட்டரை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்தால் 9 மணி 9 நிமிடம் வருகிறது. டிக்கெட்டோ ஏறக்குறைய 11 மணி நேரம் என்கிறது. நடுவில் காணாமல் போகும் அந்த இரண்டு மணி நேரத்தைத் தேடிப் பிடிப்போம்.

நூல் காட்டும் வழி

முதலில் தூரம். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை லண்டனிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் படிந்துகொள்ளும். அந்த வழி ஒரு பெருவட்டத்தின் துண்டு. உருண்டையை அதன் மையத்தின் வழியாகச் சரிபாதியாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டமே பெருவட்டம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். கடகரேகை அப்படியல்ல, அது பூமியைச் சரிபாதியாக வெட்டுவதில்லை.

தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் இணையதளங்கள் தருவது இந்த நூலின் நீளத்தைத்தான். சென்னை விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அது சுமார் 8,230 கி.மீ.

இப்போது சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான வரைபடத்துக்கு வாருங்கள். அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது மஸ்கட் பக்கத்துக் கடலைக் கடந்து, பாரசீக வளைகுடா, ஈராக், சிரியா, துருக்கி, பால்கன் நாடுகள் என்று போய் லண்டனை அடையும். நூலோ வேறு ஊர்களின் பக்கமாகப் போகிறது: குஜராத், பலுசிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடலின் தென்பகுதி, ஜார்ஜியாவின் டிபிலிசி, ரஷ்யாவின் சோச்சி, கிரிமியா, உக்ரைனின் ஒடேசா, போலந்தின் கிராகோவ், ஜெர்மனி. ஸ்கேல் கோட்டை அப்படியே பறந்து முடித்தால் சுமார் 8,480 கி.மீ. ஆகும். நூலை விட 250 கி.மீ. அதிகம். 8,500 என்று சொன்னவர் எங்கிருந்து எடுத்தார் என்பது புரிந்திருக்கும்.

நேர்கோடு எப்படி நீளமாகும் என்ற குழப்பம் இங்கேதான் பலருக்கும் வருகிறது. நாம் அதிகம் பார்த்துப் பழகிய உலகப் படம் 1569-இல் மெர்கேட்டர் என்பவர் கடலோடிகளுக்காக வரைந்த முறையைச் சேர்ந்தது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டுவதற்கு அது அருமையான படம். அந்த வசதிக்காக, துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. உண்மையில் வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை மேற்கே போக 111 கி.மீ. நடக்க வேண்டும், லண்டன் இருக்கும் இடத்தில் 69 கி.மீ. போதும். ஆகவே முதலில் வடக்கே ஏறிவிட்டு, மேற்கே போக வேண்டிய பயணத்தை அங்கே வைத்துக்கொள்வதுதான் லாபம். நூல் செய்வது இதையே. சென்னையில் வடமேற்கு நோக்கிக் கிளம்பும் அது, லண்டனைத் தொடும்போது ஏறத்தாழ நேர் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூருக்கு வந்தது. பெங்களூருக்கு வர வட துருவத்துக்கு ஏன் போக வேண்டும் என்று அப்போது பலர் வியந்தார்கள். உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பில்லை.

இதுவரை பார்த்தது: இணையதளம் சொல்லும் தூரம் பெருவட்டத் தூரம். அதைவிடக் குறைந்த தூரத்தில் யாரும் பறக்க முடியாது. அதே தூரத்தில் பறப்பதும் அரிது.

வானத்துக்கும் வேலி உண்டு

நூல் தொட்டுச் சென்ற ஊர்களின் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். சோச்சி, கிரிமியா, ஒடேசா. செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் நிலத்துக்கும் கரையோரக் கடலுக்கும் மேலுள்ள வானமும் சொந்தம். அதுதான் வான்பரப்பு. அதன் வழியாகப் பறக்க அனுமதி வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் உக்ரைன் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அடுத்த நாளே ரஷ்யா தன் வானத்தைப் பிரிட்டிஷ் விமானங்களுக்கு மூடியது. ஈரான், ஈராக் வான்பரப்புகளும் பதற்றம் மூளும் நாள்களில் மூடப்படுவதுண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, வட இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தது.

இதை வெறும் அரசியல் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2014 ஜூலை 17 அன்று மலேசிய விமானம் எம்.ஹெச்.17 கிழக்கு உக்ரைனின் மேல் 33,000 அடி உயரத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அந்த உயரத்தில் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று.

இந்த வேலிகளால் அதிகம் அடிபட்ட நாடுகளில் ஒன்று பின்லாந்து. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேலாகப் பறந்தால் ஒன்பதரை மணி நேரம். ரஷ்ய வானம் மூடியபின் அதே பயணம் சுமார் 13 மணி நேரமாயிற்று. இரண்டு நகரங்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

ஆற்றில் போகும் படகு

அடுத்தது வேகம். இங்கேதான் பெரிய மர்மம் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஆடிப்பெருக்கில் காவிரி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மோட்டார் படகு. தண்ணீரை அது மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கிழித்துச் செல்லும். நீரோட்டத்தோடு போனால் கரையில் நிற்பவருக்கு அது 25 கி.மீ. வேகத்தில் போவதாகத் தெரியும். எதிர்த்து வந்தால் 15. படகின் எஞ்சினைக் கேட்டால் இரண்டு முறையும் ஒரே உழைப்புத்தான் என்று சொல்லும்.

விமானத்துக்குக் காற்றுதான் ஆறு. சுற்றியுள்ள காற்றை ஒப்பிட விமானம் செல்லும் வேகம் காற்றுவேகம். கீழே உள்ள தரையை ஒப்பிட அது செல்லும் வேகம் தரைவேகம். மணிக்கு 900 கி.மீ. என்று நாம் சொல்வது காற்றுவேகம். ஊர் போய்ச் சேர்வதைத் தீர்மானிப்பதோ தரைவேகம். உங்கள் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் ஓடும் எண்ணும் தரைவேகம்தான். அது 1,050 என்று காட்டினால் விமானி அவசரத்தில் இருக்கிறார் என்று பொருளல்ல. முதுகில் காற்று தள்ளுகிறது என்று பொருள். சில விமானங்களில் அதே திரையில் எதிர்காற்று, பின்காற்று அளவும் வரும். படம் பார்க்காமல் இதையே பார்த்துக்கொண்டு வருபவர்களை எனக்குப் பிடிக்கும்.

இந்தக் காற்று ஏதோ அன்றைய வானிலையைப் பொறுத்து மட்டும் அடிப்பதல்ல. தரையிலிருந்து ஏறக்குறைய 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், அதாவது விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்றாறு பூமியைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். வெப்பமண்டலத்தில் சூடான காற்று, துருவப் பக்கம் குளிர்ந்த காற்று. இரண்டுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு காற்றைத் துருவத்தை நோக்கித் தள்ளுகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிடுகிறது. குளிர்காலத்தில் வேறுபாடு கூடுவதால் காற்றும் வலுக்கும். மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது அப்போது சாதாரணம்.

இதை ஆரம்பத்திலேயே அளந்து எழுதிவைத்தவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி. 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டுக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எஸ்பராந்தோ என்ற செயற்கை மொழியில் எழுதினார். ஏறக்குறைய யாருமே படிக்கவில்லை. 1944-இல் ஜப்பான்மீது குண்டுவீசப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டித் திண்டாடிய பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது.

நம் பக்கத்துக்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே காற்று தலைகீழாக, கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. இந்தக் கீழைக்காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோடீஸ்வரம். ஜூலையில் சென்னையிலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்துக்குத் தொடக்கத்தில் கொஞ்ச தூரம் இது கைகொடுக்கும்.

சரி, போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. கூட்டிக் கழித்தால் சரியாகிவிடாதா? ஆகாது. 8,000 கி.மீ. பாதை, 900 கி.மீ. காற்றுவேகம், 100 கி.மீ. காற்று என்று கொள்வோம். எதிர்த்துப் போக 10 மணி நேரம், திரும்பி வர 8. மொத்தம் 18. காற்றே இல்லையென்றால் போக வர 17 மணி 47 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் கிடக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் இழந்தது முழுதாகத் திரும்பக் கிடைப்பதில்லை.

மாமாவுக்கு ஒரு பதில்

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. சென்னை இருக்கும் இடத்தில் அந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,630 கி.மீ. விமானம் மேலே போனதும் பூமி கீழே தனியாகச் சுற்றும் என்றால், மெரினாவுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டரை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் போதும். கீழே பார்க்கும்போது லட்சத்தீவையும் தாண்டி நடு அரபிக்கடல் தெரியும். மணிக்கு 900 கி.மீ. போகும் விமானம் கிழக்கே இருக்கும் சிங்கப்பூரை என்றைக்கும் எட்டிப் பிடிக்காது.

அப்படி எதுவும் நடப்பதில்லை. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் கிளம்புவதற்கு முன்பே அந்த வேகத்தில்தான் இருக்கிறது. மாமாவை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம்: காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவது பூமியின் சுழற்சிதான். விமானத்தை அது நேரடியாகத் தொடுவதில்லை. காற்றின் வழியாகத் தொடுகிறது.

செய்திகளில் வரும் இன்னொரு தப்பையும் இங்கேயே முடித்துவிடலாம். 2020 பிப்ரவரியில் 'கியாரா' புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. அதன் தரைவேகம் மணிக்கு 1,327 கி.மீ.யைத் தொட்டது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தாண்டவில்லை. ஒலியும் அதே காற்றில்தான் பயணம் செய்கிறது. ஒப்பிட வேண்டியது காற்றுவேகத்தை. உண்மையிலேயே தாண்டிப் பறந்தது கான்கார்டு என்ற பயணிகள் விமானம். 1996 பிப்ரவரியில் அதே பாதையை அது மூன்று மணி நேரத்துக்குள் முடித்திருக்கிறது.

தூரம் கூடியது, நேரம் குறைந்தது

இந்தச் சங்கதி முழுவதையும் ஒரே பாதையில் பார்க்க வேண்டுமானால் டெல்லி–சான் பிரான்சிஸ்கோவைப் பார்க்க வேண்டும். பெருவட்டத் தூரம் சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா முதலில் மேற்கே, ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் கடந்து பறந்தது; ஏறக்குறைய 13,900 கி.மீ. வழியெல்லாம் எதிர்காற்று. 2016 அக்டோபரில் பாதையைத் திருப்பிக் கிழக்கே, பசிபிக்கின் மேலாக விட்டார்கள். தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆயிற்று. 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டது. பழைய வழியை விட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம். வகுத்துப் பாருங்கள், சராசரி தரைவேகம் 1,050-ஐத் தாண்டும்.

திரும்பும்போது மறுபடி அட்லாண்டிக் வழி. அப்போதும் கிழக்கு நோக்கியே. ஆக, போய் வந்த பயணி ஒரு முறைகூட மேற்கே திரும்பாமல் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு டெல்லியில் இறங்கினார்.

இதுவரை பார்த்தது: விமான நிறுவனம் தேடுவது குறைந்த தூரத்தை அல்ல, குறைந்த நேரத்தையும் எரிபொருளையும். காற்றைப் பொறுத்து வழி அன்றன்றைக்கு மாறும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம்

பறக்கும் நேரமும் டிக்கெட்டில் உள்ள நேரமும் ஒன்றல்ல. சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகர்வது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி முட்டுக்கட்டை வைப்பது வரை உள்ளது பிளாக் நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் நிறுத்துமிடம் தேடிப் போவது எல்லாம் இதில் அடக்கம்.

ஹீத்ரோவில் இன்னொன்றும் சேரும். இரண்டே ஓடுபாதைகள், பெரும்பாலும் ஒன்று இறங்க, ஒன்று ஏற. நெரிசலான நேரத்தில் வரும் விமானங்களைப் பொவிங்டன், லாம்போர்ன், ஒக்கம், பிக்கின் ஹில் ஆகிய நான்கு இடங்களின் மேல் வட்டமடிக்க வைப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஆயிரம் அடி இடைவெளியில் விமானங்கள் அடுக்கிவைத்தாற்போல் நீள்வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். அடியில் இருப்பதற்கு அழைப்பு வந்ததும் மேலுள்ளவை ஒவ்வொரு படியாக இறங்கும். விமானங்களைக் காட்டும் செயலியில் காலை நேரத்தில் லண்டனைப் பெரிதாக்கிப் பார்த்தால் இந்தச் சுற்றல் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து அதே ஊரை மூன்றாம் முறை பார்ப்பவருக்கு அது அவ்வளவு ரசிக்காது.

இதற்கெல்லாம் சேர்த்துத்தான் நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் நேரத்தைத் தாராளமாகப் போட்டுவைக்கின்றன. அறிவித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரத்தில் வந்ததாகவே கணக்கு. தாமதமாகக் கிளம்பியும் முன்கூட்டியே இறங்கினோம் என்று வியப்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

கடைசியாக, கடிகாரக் கணக்கு. டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். காலை 5.30-க்குச் சென்னையில் கிளம்பி 11.00-க்கு லண்டனில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், பயணம் ஐந்தரை மணி நேரமல்ல. குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அதைக் கூட்ட 11 மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால் வித்தியாசம் நாலரை மணி நேரம்தான்.

காணாமல் போன இரண்டு மணி நேரம்

இனி ஒரு மாதிரிக் கணக்கு. வேலிகளைச் சுற்றிப் போனதால் பாதை 8,700 கி.மீ. ஆகிறது என்று கொள்வோம். பாதை முழுக்கச் சராசரியாக 50 கி.மீ. எதிர்காற்று, தரைவேகம் 850. வகுத்தால் 10 மணி 14 நிமிடம். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. அதற்குக் கால் மணி நேரம். இரு நிலையங்களிலும் ஊர்வதற்கு அரை மணி நேரம். மொத்தம் 10 மணி 59 நிமிடம்.

அதே பாதையில் திரும்பும்போது 50 கி.மீ. காற்று முதுகில் அடிக்கும், தரைவேகம் 950. 9 மணி 10 நிமிடத்தோடு அந்த முக்கால் மணி நேரத்தைச் சேர்த்தால் 9 மணி 55 நிமிடம். காற்றை 50-க்குப் பதில் 80 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள்: போக 11 மணி 22 நிமிடம், வர 9 மணி 38 நிமிடம். ஜனவரி டிக்கெட்டும் ஜூலை டிக்கெட்டும் ஒரே பயணத்துக்கு வேறு வேறு நேரம் காட்டினால், யாரோ தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று சேவை மையத்துக்குப் போன் போட வேண்டியதில்லை.